காலி இடத்துக்கும் காசுதானே?

என் வாழ்க்கையில் நான் மிகத் திறமையாகப் பொய் சொன்னது 2006-இல், கழுத்தில் இரவல் டையோடு, மூன்று பேர் கொண்ட ஜூரிக்கு முன்னால். பொய் என்றும் சொல்லிவிட முடியாது, ரேஷனேல். வரைந்து முடித்த பிறகு எதற்காக வரைந்தோம் என்று கண்டுபிடிப்பதற்கு விஸ்காம் படிப்பில் அதுதான் பெயர்.

மூன்றாம் ஆண்டுக் கடைசியில் ஆளுக்கொரு கம்பெனியைப் பிடித்து லோகோ, பாக்கெட், போஸ்டர் எல்லாம் செய்து, ஜூரி முன் நின்று நியாயப்படுத்த வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் காபிக் கடை திறந்தார்கள், காகிதத்தில். எனக்கு மதுரையில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அப்பளக் கம்பெனி முதலாளி. சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பாக்கெட்டை வாங்கிவந்து மேசையில் வைத்தேன். மேலே பிள்ளையார். அவருக்குக் கீழே, அதே அளவில், கம்பெனியைத் தொடங்கிய மாமாவின் அப்பா. நடுவில் வாழையிலை, இலைமேல் அப்பளம், அப்பளத்தைச் சுற்றி நட்சத்திரங்கள், ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் ஒரு போன் நம்பர். நகக்கண் அளவுக்குக்கூட இடம் சும்மா இல்லை. வெள்ளை இடத்தின் மகத்துவத்தை மூன்று வருடம் பரீட்சையில் எழுதித் தேறியவனுக்குக் கண் கலங்காமல் என்ன செய்யும்?

அந்தச் சமயம் பார்த்துத்தானா நூலகத்தில் டிசைனர் பால் ராண்டைப் பற்றிப் படிக்க வேண்டும்! 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ கேட்டு அவரிடம் போகிறார். நாலைந்து மாதிரி காட்டுவீர்களா என்கிறார். அதெல்லாம் கிடையாது, ஒன்றே ஒன்றுதான், பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்காவிட்டாலும் காசைக் கொடு என்கிறார் ராண்ட். கூலி ஒரு லட்சம் டாலர். கறுப்புக் கனசதுரம் ஒன்றை 28 டிகிரி சாய்த்து வரைந்து, ஏன் அப்படி என்பதை விளக்க ஒரு புத்தகமே அச்சடித்துக் கொடுத்தார். ஜாப்ஸ் மகிழ்ந்துபோனார்.

1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கிக்குப் பல வரைவுகளைக் கொண்டுபோய்க் காட்டி, தேர்வான ஒன்றுக்கு 35 டாலர் வாங்கிய கதையும் அதே நூலகத்தில்தான் இருந்தது. மாணவனாகிய நான் யாருடைய கதையைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையாரை எடுத்தேன். தாத்தாவை எடுத்தேன். இலை, நட்சத்திரம் எல்லாவற்றையும் எடுத்தேன். வெள்ளைவெளேரென்ற பாக்கெட்டின் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் வட்டம், பக்கத்தில் சின்னதாக ‘அப்பளம்’. அவ்வளவுதான். வட்டத்தை 28 டிகிரி சாய்த்தும் வைத்தேன். வட்டத்தை எத்தனை டிகிரி சாய்த்தாலும் அது வட்டமாகவே இருக்கும் என்பது எட்டாம் வகுப்பு கணக்கு. டிசைனுக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தானே விஸ்காமில் சேர்ந்தோம்? பேராசிரியர் மட்டும், சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி சட்டப்படி கட்டாயம் என்றார். காம்போசிஷன் கெட்டுப்போகிறதே என்ற வருத்தத்தோடு அதையும் ஓரமாக ஒட்டினேன்.

ஜூரிக்கு முந்தின இரவு திருவல்லிக்கேணியில் ஒரு பிரிண்டிங் கடையில் கழிந்தது. திரையில் பொரித்த அப்பளம்போல் தகதகத்த மஞ்சள், காகிதத்தில் நேற்றைய சாம்பாராக வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டும், அச்சு மையால் காட்டும், மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று முதலாம் ஆண்டிலேயே சொன்னார்கள். அன்றைக்கு நான் வகுப்பில் இல்லை. விடியற்காலை நாலு மணிக்குச் சன்போர்டில் ஒட்டி, கட்டரால் விளிம்பையும் இடது கட்டைவிரலையும் வெட்டினேன்.

ஜூரியில் நடுநாயகமாக ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர், குடுமியோடு. நான் பென்டிரைவைச் சொருகி முதல் ஸ்லைடைப் போட்டேன். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்ட ஏற்பாடு. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். பாமினியில் நான் அடித்திருந்த ‘அப்பளம்’ திரையில் எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எஸ், கே, அரைப்புள்ளி என்று நின்றது.

“எம்.ஜி. யாரு? ஓனரா?” என்றார் குடுமிக்காரர்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அதுவாகவே பேச ஆரம்பித்தது. “இல்லை சார். நுகர்வோர் முதலில் தடுமாறணும். தெரிஞ்ச பொருளைத் தெரியாத மொழியில் பார்த்துட்டு, அப்புறம் போர்டில் தெரிஞ்ச மொழியில் பார்க்கணும். அந்த இடைவெளிதான் கான்செப்ட்.”

குடுமி மெல்ல ஆடியது. பேராசிரியருக்கு உண்மை தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெள்ளை இடம் எதற்கு என்றார்கள். பசி என்றேன். வட்டம் ஏன் மூலையில் என்றார்கள். சாப்பாட்டில் அப்பளம் எப்போதும் ஓரத்தில்தானே சார் என்றேன். இந்த ஒன்று மட்டும், சொன்ன பிறகு, எனக்கே உண்மையாகப் பட்டது. நூற்றுக்கு 84 போட்டார்கள்.

நாலு வருடம் கழித்து உதயகுமார் வரைந்த ரூபாய்ச் சின்னம் வந்தபோதுதான் வரைவுக்கும் காரணத்துக்கும் தையலே தெரியாமல் இருப்பது எப்படி என்று பார்த்தேன். தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆரும்’ ஒரே எழுத்தில். மேலே இரண்டு கோடு, நடுவே வெள்ளை, மூவர்ணக் கொடி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகளில் அது ஜெயித்ததில் ஆச்சரியமில்லை. என் பசி அங்கே எடுபட்டிருக்காது.

84 மார்க் கொடுத்த தைரியத்தில் போர்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“மத்ததெல்லாம் எங்க தம்பி?”

“ஒண்ணுதான் மாமா.”

“பொடவக் கடைக்குப் போனா ஒண்ணு எடுக்க அம்பது விரிச்சுப் போடுறாக. நீங்க ஒண்ணக் கொண்டாந்துட்டு ஒண்ணுதான்ங்கிறீக.”

ராண்ட் புடவைக் கடை வைத்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது. வெள்ளை இடத்தைப் பற்றிப் பேசினேன். பசி என்றேன், இடைவெளி என்றேன். மாமா பொறுமையாகக் கேட்டார். “நல்லாத்தான் பேசுறீக. ஆனா இந்தக் காலி இடத்துக்கும் கவர்க்காரன் காசு வாங்குவான்ல?”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அப்பாவ எங்க?”

ஜூரியில் யாரும் கேட்காத கேள்வி. மினிமலிசம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர்ச்சுவரில் மாலை போட்டு, விளக்கு ஏற்றி, பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நினைத்தாரோ என்னவோ, மாமா மறுபடியும் போர்டைக் கையில் எடுத்து, பாராட்டுவதற்கு எதையாவது தேடினார். வெகுநேரம் தேடினார். கடைசியில் விரலை வைத்தார்.

“இந்தப் பச்சப் புள்ளி போட்டிருக்கீக பாருங்க, அது நல்லா எடுப்பா இருக்கு.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இலையில் அப்பளம் நட்டநடுவில் வைக்கப்பட்டது.

பாக்கெட் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. பிள்ளையாரும் பெரியவரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். இப்போது பெரியவருக்குக் கீழே மாமாவும் இருக்கிறார். பின்பக்கம் விலை அடிக்கும் இடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் இருக்கும். அது என்னுடையது. 28 டிகிரி சாய்ந்துதான் இருக்கிறது.