தொட்டிப் பொருத்தம்

அக்வாரியம் கடைக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. எங்கள் அண்ணன் இரண்டாவது ரகம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மீஞ்சூர் பஜாரில் கடை திறந்ததும் வந்துவிடுவார். பஜ்ஜி, சொஜ்ஜி கேட்காததுதான் பாக்கி. கண்ணாடியில் மூக்கு நுனி ஒட்ட நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் ஒரே மீனைப் பார்ப்பார். சாப்பாடு போட்டால் முந்துகிறதா, பக்கத்து மீனை முட்டுகிறதா, மூலையில் தனியாக நின்று முறைக்கிறதா என்று குணம் விசாரிப்பார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு, "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம் தம்பி" என்று கிளம்பிவிடுவார்.

ஒருமுறை கடைப் பையன் வலையில் ஒரு சக்கரைத் தூக்கிக் காட்டினான். 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்பார்களே, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் மீன், அது. இரண்டு அங்குலம் இருந்தது.

"இது எவ்ளோ பெருசு வரும் தம்பி?"

"இதே சைஸ்தான் சார்."

"ஒரு அடிக்கு மேல வளரும்பா. என் தொட்டியே ரெண்டடி. இது திரும்பணும்னா ரிவர்ஸ் கியர் போடணும்."

"அது வரைக்கும் யாரு சார் உசுரோட வெச்சிருக்காங்க?"

இந்த ஒரு வார்த்தைக்காக அண்ணன் நாலு மாதம் அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை.

இவர் இப்படி ஆனதற்குக் காரணம் இவர் பார்க்கும் வேலை என்பது என் கணிப்பு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு பிளானர். எந்தப் பெட்டி எதன் பக்கத்தில் இருக்க வேண்டும், எதன் தலைமேல் ஏற வேண்டும் என்று ஷிஃப்ட் முழுக்கத் திரையைப் பார்த்துக் கட்டம் போடுகிறவர். ஆபத்தான சரக்கு என்றால் அதற்கு உலகம் முழுக்க ஒரே விதிப் புத்தகம். மொத்தம் ஒன்பது வகுப்பு. தீப்பற்றும் திரவம் மூன்றாம் வகுப்பு. தான் எரியாவிட்டாலும் அடுத்தவன் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுத்து ஊக்குவிக்கும் சரக்கு 5.1. இவை இரண்டையும் அக்கம்பக்கத்தில் குடி வைக்கக் கூடாது. எட்டு மணி நேரம் இதையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் மனிதர், வாசலில் செருப்பை விடும்போதே யார் செருப்புக்குப் பக்கத்தில் விடுகிறோம் என்று ஒரு நொடி யோசிக்கிறார். மீன் விஷயத்தில் சும்மா விடுவாரா?

நாம் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அண்ணன் நோட்டில் நாலுதான். முதலாவது வாய்ப் பொருத்தம். அவரைக் கேட்டால் ரஜ்ஜு மாதிரி இது; இது தட்டினால் மற்றது எது இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் நுழையும் என்றால் நுழைந்தே தீரும், இன்றைக்கு இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து. எங்கள் துறைமுக கேன்டீன் கேஷியர் இதைக் கேட்காமல் நாலு ஏஞ்சலையும் பத்து நியான் டெட்ராவையும் ஒன்றாக விட்டார். வாங்கும்போது ஏஞ்சல் எட்டணா அளவு. வளர வளர நியான் எட்டாயிற்று, ஐந்தாயிற்று, இரண்டாயிற்று. "ஒண்ணுகூட சாகல, காணாமத்தான் போவுது" என்று அவர் ஆச்சரியப்பட்டார். அண்ணன் ஏஞ்சலின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காணாம எல்லாம் போவல. இதோ இருக்காங்க" என்றார்.

இரண்டாவது துடுப்புப் பொருத்தம். வால் நீளமான மீன் இருக்கும் வீட்டில் வால் கடிக்கிறவன் இருக்கக் கூடாது. கோல்டு ஃபிஷ்ஷோடு டைகர் பார்ப்பை விட்டவர்களுக்கு இது தெரியும். ஒரே வாரத்தில் கோல்டு ஃபிஷ் பட்டன் போல ஆகிவிடும். ஆனால் டைகர் பார்ப்பை அண்ணன் ஒரேயடியாக ராட்சச கணம் என்று தள்ளிவிடுவதில்லை. "மூணு வாங்கினா அடுத்தவன் வாலுக்குப் போவும். எட்டுப் பத்தா வாங்கினா தங்களுக்குள்ளேயே அடிச்சுக்கினு கெடக்கும். பெரிய குடும்பத்துல வெளிச்சண்டைக்கு ஏது நேரம்?" ஃபைட்டர் மீனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. ஆண் கப்பியின் விசிறி வாலைப் பார்த்ததும் இவன் நம் பங்காளி என்று நினைத்துப் பாய்ந்துவிடுமாம். அதற்குத் தனி பாட்டில், தனிச் சாப்பாடு, தனி அலமாரி. அந்த வீட்டில் தனி அறை உள்ள ஒரே ஜீவன் அதுதான்.

மூன்றாவது மாடிப் பொருத்தம்: மேல்தட்டில் கப்பி, நடுவில் டெட்ரா, தரையில் கோரி என்று ஆளுக்கொரு மாடி. இதில் சிக்கல் இல்லை.

நாலாவது தண்ணிப் பொருத்தம். இங்கே வந்தால் அண்ணனுக்குக் குரல் கம்மிவிடும். அறுபதுகளிலிருந்து போர் போட்டு இறைத்து இறைத்து, கடலே நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே நடந்து வந்துவிட்ட ஊர் மீஞ்சூர். அவர் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் மீட்டருக்கே தலை சுற்றும். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சுண்ணாம்பு என்றால் மோலி துள்ளி விளையாடும், கப்பி குட்டி போட்டுத் தள்ளும். அமேசான் பக்கத்து மென்தண்ணீரில் பிறந்த நியானோ துவண்டு நிற்கும். இத்தனைக்கும் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை 2010இலேயே காட்டுப்பள்ளியில் வந்துவிட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். "இவ்ளோ பெரிய பில்டரை வாசல்ல வெச்சிக்கினு நான் மீனுக்கு கேன் தண்ணி வாங்குறேன்" என்பார். தண்ணீர் குழாயேறிச் சென்னைக்குப் போகிறது. இங்கே கேன் முப்பது ரூபாய்.

ஒருநாள் டீ நேரத்தில் யார்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். ஒரு பக்கம் வங்கக்கடல், மறு பக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம், நடுவே நாடா மாதிரி இந்த மணல்திட்டு. அதன்மேல் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், அந்த ஆலை. தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிற நாலைந்து பேர். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்தத் தொட்டிக்கு எவன்டா பொருத்தம் பாத்தான்?" என்றார். பிறகு பேப்பர் கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கட்டம் போடப் போய்விட்டார்.

வீட்டில் அண்ணி பட்ட பாடு தனிக்கதை. புதுத் தொட்டி வந்த அன்றைக்கு அண்ணன் கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஓட விட்டார். மீன் விடவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று.

"மீனு எங்கங்க?"

"பாக்டீரியா வந்துக்கினு இருக்குது."

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியாக் கூட்டம், அதையும் அடக்கி நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம். இவர்கள் பில்டர் பஞ்சில் குடியேறுவதற்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். அதற்கு முன்னால் மீனை விட்டால் மொத்தமாக மிதக்கும். விஞ்ஞானப்படி அண்ணன் சொன்னதில் பிசகே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன்களுக்கு அவர் தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடுவதையும், மீன் இல்லாத தொட்டியை உட்கார்ந்து ரசிப்பதையும் அக்கம்பக்கம் பார்த்தது. "ஒண்ணரை மாசமா வெறுந்தண்ணிக்கு கரண்டு பில்லு கட்டுறோம் தம்பி" என்றார் அண்ணி என்னிடம். "எங்களுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு ஜோசியர் சொன்னாரு. மீதி ரெண்டு எங்க போச்சுன்னு இப்பதான் தெரியுது. தொட்டிக்குள்ள இருக்குது."

ஒருவழியாகத் தொட்டிக்கு மீன் வந்த பிறகு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்டு இல்லை, ஏர் மோட்டார் மூச்சை நிறுத்திவிட்டது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணன் ராத்திரி முழுக்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார், டீ மாஸ்டர் மாதிரி. விழும் தண்ணீர் காற்றைக் கூட்டிக்கொண்டு போகுமல்லவா? ஃபைட்டர் மட்டும் பாட்டிலில் அலட்டிக்கொள்ளாமல் இருந்தது. அதற்குக் காற்றை நேரடியாக விழுங்கி மூச்சு விடத் தெரியும்.

விடியும்போது எதிர்வீட்டுப் பையன் தெருத் தண்ணீரில் பிடித்த ஒரு மீனை டப்பாவில் கொண்டுவந்தான். கரும்பச்சை நிறம், விரல் நீளம், செவுள் ஓரமெல்லாம் முள். "அங்கிள், இதையும் உங்க தொட்டியில வுடுங்க."

பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்கிற லெப்டினன்ட், பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இது ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதி 1797இல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. மரம் ஏறியதை அதற்குப் பிறகு பலர் நம்பவில்லை. தரையில் நடப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணன் நோட்டைத் திறந்தார். வாய், தகராறு. துடுப்பு, தகராறு. மாடி, எல்லா மாடியும் அதற்கே. தண்ணீர் எதுவானாலும் சம்மதம். இரண்டு நிமிட யோசனைக்குப் பிறகு அதை ஒரு பக்கெட்டில் விட்டு, மேலே எவர்சில்வர் தட்டை வைத்து மூடிவிட்டுச் சொம்போடு உட்கார்ந்தார்.

கண் அசந்தது பத்து நிமிடம்தான் இருக்கும். தட்டு விழுந்த சத்தம் கேட்டு அண்ணிதான் முதலில் எழுந்தார். பக்கெட் காலி. சமையலறை வாசலில் ஆரம்பித்து ஹால் நடுவே ஈரக் கோடு போயிருந்தது. கேஸ் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு, தொட்டி இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், செவுளை ஊன்றி ஊன்றி வாசற்படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது மீன்.

"இதப் பாருங்க" என்றார் அண்ணி. "நீங்க ராப்பூரா ஊத்தி ஊத்திக் காப்பாத்துறீங்க. இது தன்பாட்டுக்கு நடந்து போவுது."

அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். அது படியில் ஒருமுறை தடுமாறி, தெருத் தண்ணீரில் 'ப்ளக்' என்று விழுந்தது. அவர் நோட்டை எடுத்து, பனையேறி என்று எழுதி, வாய்க்கு நேரே பெருக்கல் குறி, துடுப்புக்கு நேரே பெருக்கல் குறி போட்டார். 'எதனோடு விடலாம்' என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி வாசலைப் பார்த்தார்.

'தெரு' என்று எழுதினார்.