கீழ்ப்பக்கம் ஆர்?

(பேர்ன் நகரில் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒக்டோபர் 31இல் வீட்டுத் திறப்பை ஒப்படைக்க வேண்டும். மண்டபத்தின் நடுவே மூன்று கதவுள்ள ஓக் மர அலுமாரி. அதன் ஒரு பக்கம், 1984இல் சுவிசுக்கு வந்து இன்றுவரை உணவகச் சமையலறையில் நிற்கும் பெரியப்பா. மறுபக்கம், இங்கேயே பிறந்து காப்புறுதி நிறுவனமொன்றில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் பெறாமகள். அவள் கையில் ஒரு பொதி.)

பெரியப்பா: உதென்ன பிள்ளை, நாய் வளர்க்கப் போறியோ? வாரும் கொழுவியுமாக் கிடக்கு.

பெறாமகள்: நாய்க்கில்லை பெரியப்பா, எங்களுக்குத்தான். பாரம் தூக்கிற பெல்ட். ரெண்டு பேர் முன்கையில கொழுவி, வாரை அலுமாரிக்கு அடியால விட்டு, முழங்காலை மடிச்சு எழும்பினால் அலுமாரியும் எழும்பும்.

பெரியப்பா: தானா எழும்புமெண்டால் நாங்கள் என்னத்துக்கு?

பெறாமகள்: காலுக்கு. தூக்கிறது தொடை. அலுமாரி ஆடாமல் பிடிக்கிறது மட்டும்தான் கையின்ர வேலை. சும்மா தூக்கிறதெண்டால் அடியைப் பிடிக்கக் குனியவேணும். குனிஞ்ச முதுகிலதான் வில்லங்கம் தொடங்குது.

பெரியப்பா: 84இல இருந்து இந்த ஊரில தமிழ்ச் சனம் மாறின வீடெல்லாத்திலயும் நான் குனிஞ்சிருக்கிறன். ஒருநாளாவது பெல்ட் கேட்டனானே?

பெறாமகள்: கேக்கேல்லை. பிசியோவிட்ட போகேக்க மட்டும் மொழிபெயர்க்க என்னைக் கேக்கிறியள்.

பெரியப்பா: அது வயசு.

பெறாமகள்: வயசுக்கும் கணக்கு வைச்சிருக்கினம். 1918இல இருந்து இந்த நாட்டில வேலை செய்யிறாக்களுக்கு விபத்துக் காப்புறுதி செய்யிற சூவா என்ன சொல்லுது தெரியுமே? வேலையிடத்தில இடைக்கிடை தூக்கிறதுக்கு ஆம்பிளைக்கு 25 கிலோ, பொம்பிளைக்கு 15 கிலோ. வயசு போகப் போக அதையும் குறைக்கவேணும்.

பெரியப்பா: எங்கட அரிசி மூட்டையே 20 கிலோ. அதோட அஞ்சு கிலோ பருப்பை வைச்சால் ஆம்பிளை முடிஞ்சானோ?

பெறாமகள்: இந்த அலுமாரி கதவோட 140 கிலோ வரும். ரெண்டாப் பிரிச்சால் ஆளுக்கு 70. பருப்பு எத்தினை கிலோ வைக்கலாமெண்டு நீங்களே சொல்லுங்கோ.

பெரியப்பா: தா உந்தப் பெட்டியை, வாசிச்சுப் பாப்பம். ... பிள்ளை! 300 கிலோ எண்டு போட்டிருக்கு! இதை முதலே சொல்லாமல் சூவா கீவா எண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறாய். அப்ப உடுப்பை வெளியில எடுக்கவும் தேவையில்லை, கதவைக் கழட்டவும் தேவையில்லை. அப்பிடியே கொண்டு போவம்.

பெறாமகள்: 300 கிலோவுக்கு வார் அறாதெண்டுதான் அதில கிடக்கு. உங்கட இடுப்பு அறாதெண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்லை. வார் பாரத்தைக் குறைக்காது. பிடிக்கிற இடத்தையும் நிக்கிற விதத்தையும்தான் மாத்தும். 140 கிலோ 140தான்.

பெரியப்பா: அப்ப வெள்ளைக்காரன் என்னத்தைக் கண்டுபிடிச்சான்?

பெறாமகள்: அவன் கண்டுபிடிக்கேல்லை. மலையகத்தில கொழுந்துக் கூடையைக் கயிறு போட்டுத் தலையில மாட்டித்தானே அம்மாமார் மலையேறினவை? இங்க வலே மாநிலத்துப் பொம்பிளையளும் முதுகுக் கூடையை ரெண்டு வாரில மாட்டிக்கொண்டு மலைச்சரிவில ஏறி இறங்கினவை. வார் பழசு. பெட்டியும் விலையும்தான் புதுசு.

பெரியப்பா: சரி, அந்த அம்மாமார் தூக்கினவை, நாங்களும் தூக்குவம். காலமை பதினொண்டரைக்குத் தொடங்குவம்.

பெறாமகள்: ஏலாது. பன்னிரண்டில இருந்து ஒரு மணிவரை மதிய அமைதி. இந்தக் கட்டட ஒழுங்கு விதியில கிடக்கு.

பெரியப்பா: பன்னிரண்டடிக்க அலுமாரி ரெண்டாம் மாடிப் படியில நிண்டால்?

பெறாமகள்: ஒரு மணிவரை பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். அமைதியா.

பெரியப்பா: விசர்ப் பிள்ளை! பெல்டைக் கழட்டிப்போட்டு இருக்கேலாதே?

பெறாமகள்: அதுதான் இந்தப் பெல்டின்ர குறை. கையால பிடிச்ச சாமானைக் கை விடலாம். முன்கையில கொழுவினதை நினைச்சவுடன விடேலாது. மேல நிக்கிறவருக்குக் கால் தடக்கினால் கீழ நிக்கிறவர் ஒதுங்கேலாது. அலுமாரியோட கட்டுண்டு போய் நிக்கிறார். மிஞ்சின வார் நுனி காலில சிக்கினால் அது வேற கதை.

பெரியப்பா: எங்கட பெடியள் தடக்கமாட்டினம். நாலு பேருக்கு அடிச்சுச் சொல்லியாச்சு. சும்மா வருவினம்.

பெறாமகள்: சும்மாவோ? கணக்குப் பாப்பம். நாலு பேருக்கும் மத்தியானம் கொத்துரொட்டி, பின்னேரம் பியர். அதை விடுங்கோ. பேர்னில வழமையா வீடு மாறுற நாள் வருசத்தில ரெண்டு, ஏப்ரல் 30, ஒக்டோபர் 31. வாற ஏப்ரலில அவையள் நாலு பேரும் ஒரே நாளில வீடு மாறப்போயினம். நாலு வீட்டுக்கும் ஆர் போறது?

பெரியப்பா: நான்தான் போகவேணும். வந்தவனுக்குப் போகாமல் விடலாமே?

பெறாமகள்: அப்ப இது சும்மா இல்லை, கடன். வட்டியை முதுகால கட்டுறியள்.

பெரியப்பா: நீ எல்லாத்தையும் காசாப் பாக்கிறாய். சனம் சேர்ந்து தூக்கிறதில ஒரு சந்தோசம் இருக்கு. கோயிலில சாமி காவேக்க ஆரும் கிலோ கேக்கிறவையே?

பெறாமகள்: கேக்கிறேல்லை. ஆனால் உயரம் பாத்துத்தானே ஆள் விடுறனியள்? கட்டையான ஆளையும் நெட்டையான ஆளையும் ஒரு கொம்பில விட்டால் சாமி சரிஞ்சு வரும். பெல்டுக்கும் அதே கணக்கு. உயரம் பாத்து வாரை நீட்டிச் சுருக்கி, சமதரையில ஒருக்காத் தூக்கிப் பாத்திட்டுத்தான் வெளிக்கிடவேணும். அப்பிடிச் செய்தாலும் சமதரையில மட்டும்தான் பாதி பாதி.

பெரியப்பா: படியில?

பெறாமகள்: படியில அலுமாரி சரியும். வார் அடியால போகுது, பாரத்தின்ர நடு மேல இருக்கு. சரியச் சரிய அந்த நடு கீழ நிக்கிறவற்ர பக்கம் வந்திடும். மேல நிக்கிறவருக்குப் பாரம் குறையும், வாய் கூடும். 'மெல்ல, மெல்ல, இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்' எண்டு சொல்லுறது எப்பவும் மேல நிக்கிறவர்தான். கீழ நிக்கிறவருக்கு மூச்சே வராது, பேச்செங்க வாறது?

பெரியப்பா: அதைச் சரிக்கட்ட ஏலாதோ?

பெறாமகள்: மேல நிக்கிறவர் வாரை நீட்டி, கீழ நிக்கிறவர் சுருக்கினால் அலுமாரியை நிமிர்த்திக் கொண்டு போகலாம். ஆனால் இது மூண்டு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலயும் இறக்கி வைச்சு, சமதரைக்கு ஒரு அளவு, படிக்கு ஒரு அளவெண்டு மாத்திக்கொண்டிருக்கவேணும். உங்கட பெடியளுக்கு அவ்வளவு பொறுமை இருக்கே?

பெரியப்பா: பொறுமை தேவையில்லை. கீழ்ப்பக்கத்துக்கு ஆள் இருக்கு. போன வருசம் வந்த பெடியன். நல்ல உடம்பு, மறுத்துக் கதைக்கமாட்டான்.

பெறாமகள்: நல்ல உடம்பெண்டபடியாலோ, மறுத்துக் கதைக்கமாட்டான் எண்டபடியாலோ?

பெரியப்பா: ரெண்டுக்கும்தான். இதொரு முறை பிள்ளை. கடைசியா வந்தவன் கீழ. நான் வந்த புதுசில நான்தான் கீழ. மேல நிண்டவர் 83இல வந்தவர்.

பெறாமகள்: ஒரே ஒரு வருசம் முந்தி!

பெரியப்பா: ஒரு வருசமெண்டாலும் சீனியர் சீனியர்தான். பிறகு 90இல சனம் வர, நான் மேல ஏறினன். அவங்களுக்குக் கீழ பிறகு வந்தவங்கள். எங்களுக்கு முதல் இத்தாலிக்காரன் நிண்டவன்.

பெறாமகள்: அது உண்மைதான். கொத்தார்ட் ரயில் சுரங்கத்தை 1872இல இருந்து பத்து வருசமாத் தோண்டினதில பெரும்பகுதி இத்தாலிக்காரர். இருநூறு பேரளவில அதில செத்தும் போச்சினம்.

பெரியப்பா: பாத்தியே? நாட்டு வழக்கத்தைத்தான் நான் வீட்டில கைக்கொள்ளுறன். ஒருங்கிணைவு, ஒருங்கிணைவு எண்டு கேட்டாங்கள். இதுதான் ஒருங்கிணைவு.

பெறாமகள்: அந்தப் பெடியனுக்கு இடுப்புப் பிடிச்சால்?

பெரியப்பா: காப்புறுதி இருக்கெல்லே? கிழமைக்கு எட்டு மணித்தியாலம் ஒரு முதலாளியிட்ட வேலை செய்தால் வீட்டில நடக்கிற விபத்துக்கும் காசு. மூண்டாம் நாளில இருந்து சம்பளத்தில 80 வீதம். எனக்கும் சட்டம் தெரியும்.

பெறாமகள்: விபத்தெண்டால்தான் அந்தக் காசு. சரி, நான் படிவத்தோட இருக்கிறன், இடுப்புப் பிடிச்சது உங்களுக்கு. என்ன நடந்தது?

பெரியப்பா: அலுமாரி தூக்கினன், இடுப்புப் பிடிச்சிட்டுது.

பெறாமகள்: வழுக்கினனீங்களோ?

பெரியப்பா: நானோ? வழுக்கிறதோ? சீ!

பெறாமகள்: படி உடைஞ்சுதோ? ஆரும் இடிச்சவையோ? அலுமாரி கைவிட்டு உங்களுக்கு மேல விழுந்ததோ?

பெரியப்பா: ஒண்டுமில்லை. நாப்பது வருசமாத் தூக்கிற மாதிரித்தான் தூக்கினன்.

பெறாமகள்: நல்லது. கோப்பு முடிஞ்சுது. காசில்லை.

பெரியப்பா: என்ன காசில்லை?

பெறாமகள்: சட்டப்படி விபத்தெண்டால் வெளியில இருந்து வழமைக்கு மாறா ஏதோ ஒண்டு திடீரெண்டு உடம்பைத் தாக்கவேணும். அலுமாரி தூக்கினால் இடுப்புப் பிடிக்கிறதில வழமைக்கு மாறா என்ன கிடக்கு? தசை கிழிஞ்சால், நாண் அறுந்தால் அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு, அதில பாக்கலாம். முள்ளந்தண்டுத் தட்டு விலகினது அந்தப் பட்டியலில இல்லை. மிஞ்சின பாரம், உடம்புக்கு மீறின பலம் போட்டன் எண்டு வாதாடவும் ஒரு வழி இருந்தது. பழகின ஆளெண்டு நீங்களே வாயால சொல்லி அதையும் மூடிப்போட்டியள்.

பெரியப்பா: அப்ப, வழுக்கினன் எண்டு சொல்லட்டே?

பெறாமகள்: இதை நான் கேக்கேல்லை. நான் அங்கதான் வேலை செய்யிறன்.

பெரியப்பா: பொறு. விபத்தில்லையெண்டால் வருத்தம். வருத்தத்துக்குச் சுகாதாரக் காப்புறுதி கட்டுறன்.

பெறாமகள்: கட்டுறியள். மாசக் காசு குறையவேணுமெண்டு ஆகக் கூடின கழிவுத் தொகையை எடுத்தது ஆர்? வருசத்தில முதல் 2500 பிராங் உங்கட சட்டைப்பையில இருந்துதான் போகும். விபத்தெண்டால் அந்தக் கழிவே இல்லை. விழுந்து எழும்பினவருக்கு முழுக் காசு. விழாமல் ஒழுங்காத் தூக்கினவருக்கு 2500 பிராங் தண்டம்.

பெரியப்பா: இதென்ன நாடு பிள்ளை! 1963இல இருந்து வீட்டுக்கு வீடு நிலவறை கட்டி, காங்கிரீட் கதவு போட்டு, அணுகுண்டுக்கு ஆயத்தமா நிக்குது. ஒரு அலுமாரிக்கு ஆயத்தமில்லையே!

பெறாமகள்: சுவருக்கு இருக்கு. குடியிருப்பாளர் சங்கமும் வீட்டுக்காரர் சங்கமும் கூடி ஒரு அட்டவணை போட்டிருக்கினம். வீட்டுச் சுவருக்கு அடிச்ச சாயத்துக்கு ஆயுள் எட்டு வருசம். நீங்கள் இந்த வீட்டில பன்னிரண்டு வருசம் இருந்தனீங்கள். உள்ளுக்குள்ள அலுமாரி உரசிச் சாயம் போனால், அந்தச் சாயத்துக்குக் காசு கேக்கேலாது. படிக்கட்டுச் சுவர் வேற, அது பொதுச் சுவர்.

பெரியப்பா: சுவருக்கு எட்டு வருசம். நாணுக்குப் பட்டியல். இடுப்புக்கு?

பெறாமகள்: இடுப்புக்கு அட்டவணை இல்லை பெரியப்பா. அதாலதான் மற்ற வழியை முதல் நாளே சொன்னனான். வெளிப்பக்கத்தால யன்னலுக்கு ஏணி மாதிரி ஒரு லிஃப்ட் பூட்டுவினம். அலுமாரியைத் தள்ளுவண்டியில யன்னல்வரை உருட்டினால் காணும். பெல்ட் அந்தத் தள்ளுவண்டியில ஏத்திறதுக்கு மட்டும், சமதரையில, கதவைக் கழட்டிப்போட்டு. சில நூறு பிராங் வரும்.

பெரியப்பா: சில நூறோ! இந்த அலுமாரியையே நான் பழைய சாமான் கடையில அதைவிட மலிவா வாங்கினனான். ஒரு பெடியன் சும்மா நிக்கேக்க மெசினுக்குக் காசோ? விடு, பெல்ட் இருக்கு, ஆள் இருக்கு. போனைத் தா. ... தம்பி! ஓம், நான்தான். சனிக்கிழமை வாறியெல்லே? பாரமொண்டும் இல்லையடா, ஒரு சின்ன அலுமாரி. இப்ப புதுசா ஒரு பெல்ட் வந்திருக்கு, 300 கிலோ தூக்குமாம், எங்களுக்கு வேலையே இல்லை. நீ சும்மா கீழ...

பெறாமகள்: போனை ஒருக்காத் தாங்கோ. ... வணக்கம் தம்பி. ஓம், பெல்ட் நல்லதுதான். ஒரு விசயம், நீங்கள் மேல நிண்டால் காணும். வழி சொல்லுறதுதான் உங்கட வேலை. கீழ்ப்பக்கம் பெரியப்பா நிக்கிறார். ஓம், அவரேதான். நாப்பது வருச அனுபவம். சரி, சனிக்கிழமை பாப்பம்.

பெரியப்பா: ...

பெறாமகள்: என்ன பெரியப்பா, பேசாமல் நிக்கிறியள்? கீழ நிக்கிறாக்கள் மாதிரி.

பெரியப்பா: ஒண்டுமில்லை. அந்தப் பெடியன்ர இடுப்பை நினைச்சன். பாவம், இளந்தாரிப் பிள்ளை. பிள்ளை, உந்த லிஃப்ட்காரன்ர நம்பரை ஒருக்கா எடு.