எந்த சிட்டி கெட்டி?

கேள்வி: ஹோண்டா சிட்டியில் எந்தத் தலைமுறை கார் உசத்தி?

பதில்: ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவரைக் கேட்டால் 2000-ல் வந்த விடெக் என்பார், நூற்றுக்கும் மேல் குதிரைகள், சீறிப் பாயும். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறவரைக் கேட்டால் 2003 மாடல். அதில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக மொத்தம் எட்டு! எரிபொருள் வீணாகாமல் எரியத்தான் அந்த ஏற்பாடு. டேங்கையும் முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டதால் பின்சீட்டில் மாமனார் தாராளமாகக் கால் நீட்டலாம். ஆனால் குதிரைகள் எண்பதைக்கூடத் தொடாது; மலையேறும்போது மூச்சு வாங்கும். 2008-ல் அந்தக் குறை தீர்ந்தது. 2014-ல் டீசல், 2022-ல் ஹைபிரிட். குடும்பத்துக்கு என்றால் என் ஓட்டு 2003-க்குத்தான். இப்போது பழைய கார் வாங்குவதானால் 2014 பெட்ரோலைத் தேடுங்கள். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.