சரிபார்த்தாச்சு, ஆட்டம் தொடரட்டும்!

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கோல் விழுந்தால் இப்போதெல்லாம் ரசிகன் உடனே கத்துவதில்லை. முதலில் நடுவரின் காதைப் பார்க்கிறான். அங்கே விரல் போனால் போச்சு! லண்டன் ஓரத்து ஸ்டாக்லி பார்க்கின் வீடியோ நடுவர் அறையில் யாரோ திரையில் ஆஃப்சைடு சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். முழங்கால் முந்தியதா, மூக்கு முந்தியதா என்று தீர்ப்பு வரும்வரை, கட்டிப்பிடித்தவர்கள் கட்டிப்பிடித்தபடியே நிற்க வேண்டியதுதான்.

அப்படிக் காத்திருந்தாலாவது நியாயம் கிடைக்குமா? 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் போட்டது சுத்தமான கோல். களத்தில் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார்கள். வீடியோ அறைக்காரரோ, களத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, 'சரிபார்த்தாச்சு' என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது. தப்பு உறைத்தபோது, தொடங்கிய ஆட்டத்தை நிறுத்த விதியில் இடமில்லையாம். எத்தனை கேமரா இருந்து என்ன, 'களத்தில் என்ன தீர்ப்பு?' என்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது; மன்னிப்பு மட்டும் முறைப்படி வந்து சேர்ந்தது.

2024-இல் இந்த வீடியோ நடுவர் ஏற்பாடே வேண்டாம் என்று வுல்வ்ஸ் கிளப் தீர்மானம் கொண்டுவந்தது. 20 கிளப்புகள் வாக்களித்தன. 19 எதிர்ப்பு, 1 ஆதரவு. அந்த ஒன்று வுல்வ்ஸ்.