ஹெச், ஜே, கே, எல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

வி என்பது யாதெனின், கோப்பைத் திறந்து எழுத உதவும் எடிட்டர். திறந்த மாத்திரத்தில் எழுத விடாது என்பது அதன் முதற்சிறப்பு. ‘ஐ’ தட்டி உத்தரவு வாங்கினால்தான் எழுத்து விழும். எஸ்கேப் தட்டினால்தான் நிற்கும். 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் இயற்றிய இதற்கு, 1991இல் பிராம் மோலெனார் செய்த விரிவுரையே விம். (ஈற்றில் ‘னார்’ வருவதுகொண்டு மயங்கற்க; அவர் நெதர்லாந்துக்காரர்.) மூலத்தைத் தொடுவாரின்றி உரையே மூலமாய் வழங்குவது நமக்குப் புதிதன்று.

2015இல் விஎஸ் கோட் வந்துவிட்டது. பாதிச் சொல் தட்டினால் மீதியை அதுவே எடுத்துக்கொடுக்கிறது. அஃதிருக்க, சிலர் இன்னும் கர்சரை நகர்த்த அம்புவிசையை விட்டு ஹெச், ஜே, கே, எல் தட்டுவது என்னை எனின், “கை நடுவரிசையை விட்டு நகராது, வேகம் கூடும்” என்பர் விம் அடியார்.

அற்றன்று. ஜாய் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்கெனத் தனி விசை கிடையாது. அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகளைப் பொறித்திருந்தார்கள். எஸ்கேப்பும் இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கட்டளைகள் ஓரெழுத்தாய்ச் சுருங்கியதும் சூத்திர யாப்பால் அன்று. வீட்டில் அவருக்கிருந்தது 300 பாட் மோடம். நொடிக்கு முப்பது எழுத்து போனாலே பெரிது. கட்டைவண்டிக்கேற்ப மூட்டை கட்டினார், அவ்வளவே. டெர்மினல் காயலான் கடைக்குப் போயிற்று, எஸ்கேப் மூலைக்கு ஒதுங்கிற்று. விரல் மட்டும் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டுகிறது.

எதிர்மடமான ஈமேக்ஸார் வேறு கூறுவர். அம்மடத்து ரிச்சர்ட் ஸ்டால்மன் தலையில் பழைய வட்டுத்தகட்டை ஒளிவட்டமாய்ச் சூடி அருள்பாலித்தவர். கண்ட்ரோல் விசையை அழுத்தியழுத்திச் சுண்டுவிரல் நோகும் என்பது அவர்கள்மேல் உள்ள பழைய புகார். எடிட்டருக்குள்ளேயே டாக்டர் என்றொரு நிரலும் உண்டு. அது விரலைப் பார்க்காது, மனநலம் மட்டும் விசாரிக்கும்.

விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற ஒரே கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2017க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். முதல் வேலையில் நானும் அதில் சிக்கி, பக்கத்து சீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, கம்ப்யூட்டரையே அணைத்து வெளியே வந்தவன். ஆகவே இவ்வாய்வை நடுநிலை பிறழாது செய்யத் தகுதியுள்ளவன் என்று கருதியிருந்தேன்.

போன வாரம் மளிகை ஆர்டர் போடும்போது, முகவரிக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு இறங்கினேன். பை கொண்டுவந்த தம்பி சீட்டை உற்றுப் பார்த்தபடி வாசலில் நின்றார். “நாலாவது தெரு சரி. ஜேஜேஜேங்கிறது யாரு சார்?”