மின்நூல் படிக்க எது வாங்கலாம்?

கேள்வி: எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். தமிழ்ப் புத்தகம் படிக்க கிண்டில் வாங்கலாமா, டேப்லெட்டா?
– வாசகர், எண்ணூர்

பதில்: படிப்பது கதையும் நாவலுமா? கிண்டில்தான். கொருக்குப்பேட்டைக் கூட்டம் ஏறிய பிறகும் ஒரு கையால் கம்பி, மறு கையால் நாவல் என்று பிடிக்கலாம். ஜன்னலோர வெயிலில் எழுத்து இன்னும் தெளியும். பக்கம் மாறும்போதுதான் கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரைக்கு மின்சாரம் தேவை. ஒரு சார்ஜ் பல நாள் வரும். 1998 முதல் மதுரைத் திட்டம் இணையத்தில் இலவசமாகத் தரும் நூல்களே நீங்கள் ஓய்வுபெறும்வரை தீராது!

ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் பழைய நூல்கள் ஸ்கேன் செய்த பக்கங்கள். 6 அங்குலத் திரையில் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். அவற்றுக்கு 10 அங்குல டேப்லெட்டே சரி.

எதையும் வாங்குமுன், கையிலுள்ள போனிலேயே ஒரு நாவலை முடித்துப் பாருங்கள்.