ஊவாவில் உத்வேகம் பெறுவது எப்படி?
வருகை தரும் சிந்தனையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்பெல்லாம் மலைக்கு வருகிறவர்கள் ஆய்வு செய்ய வந்தார்கள். இப்போது உத்வேகம் பெற வருகிறார்கள். கட்டடக் கலைஞர் வருகிறார். சவர்க்காரத்துக்கு உறை வடிவமைப்பவர் வருகிறார். கம்பனி ஆண்டறிக்கையில் ‘நிலைபேறு’ என்ற அத்தியாயத்துக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டு, எழுத ஒன்றுமில்லாமல் தவிக்கும் முகாமையாளரும் வருகிறார். வருகிறவர்கள் வழி தெரியாமல் தடுமாறக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இந்தக் கையேடு.

தேவையான பொருட்கள்: மறுசுழற்சித் தாளில் செய்த குறிப்பேடு ஒன்று. துணிப்பை ஒன்று. அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பு. ‘சமூகம்’ என்ற சொல், தேவையான அளவு. டிரோன் கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாமல் வந்தால் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்துவிடுவார்கள்.

படி 1: தெமோதரையில் இறங்கி வியந்து நில்லுங்கள்

கொழும்புக் கோட்டையில் ரயிலேறினால் பதுளைக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர். அதில் கடைசிப் பகுதிதான் பொறியியலாளர்களுக்குத் தலைவலி கொடுத்தது. மலை செங்குத்தாக விழுகிறது, ரயிலோ அப்படி விழக்கூடாது. அதற்குக் கண்ட வழிதான் தெமோதரை வளையம். ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. 1924இல் பாதை பதுளையைத் தொட்டது.

இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தார், பொறி தட்டியது என்பார்கள். உங்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. உடனே குறித்துக்கொள்ளுங்கள்: ‘உள்ளூர் அறிவிலிருந்து உலகத்தரப் பொறியியல்.’

கங்காணியின் பெயர் என்ன என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், கதையில் அவருக்குப் பெயர் இல்லை. அதற்காகக் கண்ணீரும் வேண்டாம். கங்காணி என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. சீமையிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, ஆளைக் கூட்டி வந்து கடனில் கட்டி வைத்தவர்களும் அவர்கள்தான். தலைப்பாகை கட்டியவருக்குக் கதையிலாவது ஓர் இடம் கிடைத்தது. மண் சுமந்தவருக்கும் பாறை உடைத்தவருக்கும் அதுவும் இல்லை. உத்வேகத்தில் இது முதல் பாடம்: யோசனை எப்போதும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் வரும்.

படி 2: ஒன்பது வளைவில் ஒரு படம்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம். 1921ஆம் ஆண்டுக் கட்டுமானம். நீளம் 91 மீற்றர், உயரம் 24. கல், செங்கல், சீமெந்து மட்டும்தான், உருக்கு இல்லை. முதலாம் உலகப் போர் உருக்கை விழுங்கிவிட்டது, இருந்ததை வைத்துக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ‘பற்றாக்குறையே படைப்பின் தாய்’ என்ற வாசகத்தை இங்கே பயன்படுத்தலாம். பின்னால் படி 5இலும் அது தேவைப்படும் என்பதால் முழுவதையும் இங்கேயே செலவழித்துவிட வேண்டாம்.

படம் எடுத்தபின் எல்ல நகரில் பலகைப்பெட்டி மரத்தால் செய்த மேசையில் அமர்ந்து ஒரு பீட்சா சாப்பிடுங்கள். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்தால் போதும், கணக்குப் போட்டால் பீட்சா ஆறிவிடும்.

படி 3: ஒரு கருவியைக் கண்டுபிடியுங்கள்

கொழுந்து எடுக்கும் மலைக்குப் போங்கள். பெண்கள் கையில் ஒரு கம்பு வைத்திருப்பார்கள். மெல்லியது, நேரானது, வழுவழுப்பானது. அதைச் செடியின் தலையில் கிடத்துகிறார்கள். கம்புக்கு மேலே தலைநீட்டும் இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளுகிறார்கள். கீழே இருப்பதைத் தொடுவதில்லை. கம்பை அடுத்த செடிக்கு நகர்த்துகிறார்கள். மலை சரிவாக இருக்கும், ஆனால் செடிகளின் மேல்மட்டம் பாய் விரித்ததுபோல ஒரே சீராக இருக்கும். அந்தச் சீரைக் காப்பது இந்த மட்டக்கம்புதான். மின்கலம் கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது, பழுதானால் அடுப்புக்குப் போகும்.

நீங்கள் கேட்க வேண்டியது: “அக்கா, இதை யார் டிசைன் பண்ணினது?”

கிடைக்கக்கூடிய பதில்: “கம்புங்களா சார்? காட்டுல வெட்டுனது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நீங்க மிதிக்கிறது கான்.”

கான் என்பது மழைத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு ஓடாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வடிகால். உள்ளே சிறு சிறு வரப்பு விட்டு வெட்டினால் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போகும், மண் தங்கிவிடும். பழைய செடியைப் பிடுங்கிய நிலத்தில் மறுபடி கன்று வைப்பதற்கு முன் மானாப்புல் போட்டு மண்ணைத் தேற்றுவதும் உண்டு. இவற்றையெல்லாம் உங்கள் அறிக்கையில் ‘இயற்கை சார்ந்த தீர்வுகள்’ என்று எழுத வேண்டும். கான் வெட்டு என்று எழுதினால் நிதி வராது.

படி 4: கழிவே இல்லாத வாழ்க்கையைத் தரிசியுங்கள்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எதுவும் வீணாவதில்லை. உரப்பை இடுப்பில் படங்காகும், மழைக்குத் தலையில் கொங்காணியாகும், ஒழுகுகிற தகரத்துக்கு அடியில் தட்டியாகும், கடைசியில் வாசலில் மிதியடியாகும். பழைய டயர் கூரைக்குப் பாரம். பால்மா டின்னில் கறிவேப்பிலைக் கன்று. வெளிநாட்டில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. இங்கே இதற்கு வறுமை என்று பெயர். உங்கள் அறிக்கைக்குப் பட்டப்படிப்பின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய அளவில் உத்வேகம் வேண்டுமானால் 2021ஐப் பாருங்கள். ஒரே இரவில் நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறலாம் என்று யாருக்கோ பொறி தட்டியது. இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்தார்கள், ஆனால் செடி அரசாங்கச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத் துளிர்ப்பதில்லை. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி மறுவருடம் ஏறத்தாழ 250க்கு வந்தது. மலையில் கொழுந்து குறைந்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம். உரம் வராததால் உரப்பையும் வரவில்லை என்பது தனிக் கதை. இயற்கை விவசாயம் கெட்டதில்லை, அதை வருடக்கணக்கில் மண்ணைப் பழக்கிச் செய்ய வேண்டும். ஆனால் மண்ணைப் பழக்கியவரைக் கேட்கப் போனால் புத்தாக்கத்தின் வேகம் குறைந்துவிடும் அல்லவா?

படி 5: காற்றிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று. மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக நம் பக்கம் இறங்கும். செடி வாடும், துளிர் மெதுவாக வரும். அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய, மூக்கைத் தொடும் அந்த மணம் ஏறுகிறது. ஏலத்தில் விலையும் ஏறும். பழைய ஸ்டோர்களின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளின், மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல் வைத்ததும் இந்தக் காற்றை உள்ளே விட்டுக் கொழுந்தை வாட்டத்தான். இது அசல் வடிவமைப்பு, கிண்டலில்லை. காற்று எங்கிருந்து எப்போது வரும் என்று அறிந்து கட்டிய கட்டடம் அது.

எச்சரிக்கை: இந்த இடத்தில் உங்களுக்குக் கண் கலங்கும். ‘கஷ்டம்தான் மணத்தைத் தருகிறது, மலையக மக்களின் தாங்குதிறனும் அப்படித்தான்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதுங்கள். ஆனால் வாடிய செடிக்குக்கூட விலை ஏறுகிறது, வாடிய ஆளுக்கு ஏறுவதில்லை என்ற வித்தியாசத்தை அடிக்குறிப்பில் தள்ளிவிடுங்கள்.

படி 6: லிப்டன் உட்கார்ந்த இடத்தில் உட்காருங்கள்

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்கு ஏறுங்கள். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் கட்டிய ஸ்டோர் இன்னும் நிற்கிறது. அதற்கும் மேலே போனால் அவர் உட்கார்ந்து தன் நிலத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடம், லிப்டன் சீட். காலைப் பனி விலகும்போது பல மாவட்டங்கள் தெரியும். உட்கார்ந்து பார்த்தவரின் இடத்துக்கு அவர் பெயர். நின்று பறிக்கிறவர்களின் இடத்துக்கு இலக்கம்: மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. வர்த்தகச் சின்னம் உருவாக்குவது எப்படி என்று இதைவிடத் தெளிவாக யாரும் வகுப்பெடுக்க முடியாது.

படி 7: மிக நிலைபேறான வடிவமைப்பைப் படியுங்கள்

அது லயம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பக்கத்துச் சுவர் பொதுச் சுவர், சில இடங்களில் பின்சுவரும் பொது. வெள்ளைக்காரர் தற்காலிகமாகக் கட்டியது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, லயம் இருந்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, லயம் இருந்தது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, தகரம்கூட மாறியது, லயம் இருந்தது. உலகில் இவ்வளவு காலம் தாங்கிய தற்காலிக வடிவமைப்பு வேறு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கட்டடத்துக்குப் புது வாழ்வு கொடுக்கும் கலைக்கும் மலையகத்தில் இரண்டு உதாரணங்கள் உண்டு. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது விருந்தினர் தூங்குகிறார்கள். இதைப் பற்றி அழகான புத்தகங்களில் படிக்கலாம்.

மற்ற உதாரணம் நம் பதுளை மாவட்டத்தில். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு அவர்களுக்கு வேறு நிலமில்லை. தப்பியவர்களில் பலரை ஒரு பழைய தேயிலை ஸ்டோரில்தான் தங்கவைத்தார்கள். புது வீடு கைக்கு வர ஏறத்தாழ இரண்டு வருடம். இந்தப் படிக்குப் படம் எடுக்க வேண்டாம். குறிப்பேட்டையும் மூடி வையுங்கள்.

படி 8: பட்டறை நடத்துங்கள், ஆனால் ஒழுங்காக நடத்துங்கள்

கடைசியில் நீங்கள் ஒரு பட்டறை வைப்பீர்கள். தடுக்க முடியாது. பல வண்ண ஒட்டுத்தாள் வரும், ‘உங்கள் கனவு வீட்டை வரையுங்கள்’ என்று ஒருவர் சிரித்த முகத்துடன் சொல்வார். பின்வரிசையில் ஒரு பெரியம்மா நாலு கோடு போட்டு, பின்பக்கம் தனியாக ஒரு சின்னப் பெட்டி வரைந்து வைத்திருப்பார். அது என்னவென்று கேட்டால் சொல்வார்: “விறகடுப்புங்க. உள்ளுக்குள்ள வச்சா புகையில புள்ளைக்கு இருமல்.” அந்த ஒரு தாளை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

இந்திய உதவியில் தோட்டங்களில் எழுந்த தனி வீடுகள் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. வீட்டுக்காரரே முன்னின்று கட்டவைக்கும் முறையில்தான் அந்தத் திட்டம் நடந்தது. அங்கே போய்ப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாதவை எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள்: ஓர் அடுப்படி, ஒரு கோழிக்கூடு, இரண்டு பாத்தி லீக்ஸ், சாமிக்கு ஒரு மாடம். உத்வேகம் என்று நீங்கள் தேடி வந்தது இதுதான். சொந்தக் காணி என்று ஒன்று வந்ததும் அது தானாக முளைக்கிறது. காணி இல்லாத இடத்தில் உரப்பையோடு நின்றுவிடுகிறது.

ஆகவே ஊருக்குத் திரும்புமுன் இந்த மூன்றையும் செய்துவிடுங்கள். உங்கள் அறிக்கையில் யோசனை சொன்னவரின் பெயரை, அவர் சம்மதித்தால், முதல் பக்கத்தில் போடுங்கள். பரிந்துரைகளில் புத்தாக்கம், தாங்குதிறன் எல்லாவற்றுக்கும் மேலே ‘காணி உறுதி’ என்று எழுதுங்கள். பட்டறைக்காக மலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய முழுப் பேரையும் கையில் கொடுங்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில் சேராது.